இரட்டைப் பதிவு

இரண்டு அட்டைகளிலும் ஒரே அடையாள அட்டை இலக்கம். குணலட்சுமி அவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று கொக்குவிலில் பதிந்தது. மற்றது மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் பதிந்தது. இரண்டிலும் குடும்பத் தலைவர் தியாகலிங்கம்.

நிவாரண அட்டைகளில் இரண்டு தரம் பதிந்த பெயர்களைத் தேடி வெட்டுவதுதான் அந்த மாதம் முழுக்க அவளுக்கு வேலை. சனம் ஊரை மாற்றிச் சொல்லும், வயதை மாற்றிச் சொல்லும். இலக்கத்தை மட்டும் மாற்றாது. மாற்றினால் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கிடையாது.

விதி சுலபமானது. ஆள் எங்கே சோறு தின்கிறாரோ அங்கேதான் பெயர் நிற்கலாம்.

கொக்குவில் அட்டையின் மனைவி, புருசனைக் காணவில்லை என்று செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதிப் போட்டிருந்தாள். ஆள் செத்திருப்பார் என்று ஊரே சொல்லியும் பெயரை வெட்ட விடவில்லை. பிடிவாதக்காரி.

முகாம் அட்டையின் மனைவி மேசைக்கு முன்னால் நின்றாள். பெயர் பூரணம். இடுப்பில் கைக்குழந்தை.

“முதல் மனுசி ஷெல்லடியிலை செத்திட்டா எண்டு சொல்லித்தான் என்னைக் கட்டினவர், அக்கா. செத்த ஆளின்ரை அட்டைக்காக எங்கடை அட்டையிலை அவரின்ரை பேரை வெட்டினா, பிள்ளைக்குப் பால்மாவும் இல்லை.”

கோபம் வரும் என்று குணலட்சுமி பார்த்தாள். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துப்போயிருந்தது.

குழந்தை எட்டி முத்திரைக் கட்டையைப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை வாங்கிக்கொண்டாள்.

பிறகு சிவப்பு மையால் கொக்குவில் அட்டையில் தியாகலிங்கத்தின் பெயரை வெட்டினாள். ஒரு கோடு போதுமாயிருந்தது. முகாம் அட்டையில் முத்திரை குத்தி நீட்டினாள்.

பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குணலட்சுமியின் நெற்றிப் பொட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“உங்கடை அவர் நல்லாயிருக்க வேணும், அக்கா.”

“ஓம். நல்லாத்தான் இருக்கிறார்.”

அவள் போய்விட்டாள். கொக்குவில் அட்டை மேசையிலேயே கிடந்தது. தலைவர் இல்லாமல் ஓர் அட்டையை விட முடியாது. வீட்டில் மிஞ்சியிருக்கும் மூத்தவரின் பெயரை அந்த இடத்தில் எழுதவேண்டும்.

அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

குடும்பத் தலைவர் என்ற இடத்தில் குணலட்சுமி தன் பெயரை எழுதினாள்.