புதுசுக்கும் ஒரு பங்கு

"நேர்ல போய் உன் காதால கேட்டுட்டு வா. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி. பிள்ளைங்களைத் திட்டுறது நிஜம்னா அந்தம்மாவை அனுப்பிட வேண்டியதுதான்."

கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சபைப் பொருளாளர். ஆகவே இவள் பொருளாளரம்மா.

காதால் கேட்க அவள் உள்ளே போகவே தேவையிருக்கவில்லை. சபை நடத்தும் பிள்ளைகள் இல்லத்தின் சத்தம் தெருமுனைக்கே வந்து வரவேற்றது.

"ஏண்டா தடிமாடு, நேத்து எடுத்துக் குடுத்த சோப்பு எங்கடா? கரைச்சுக் குடிச்சிட்டியா? ஏய் வாலு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுத் திரியறியே, பாக்கறவங்க என்னைத்தாண்டி கேப்பாங்க."

இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளின் குரல். பிள்ளைகளுக்குப் பெரியம்மா. தெருவுக்கு ஆலைச்சங்கு.

யாருமற்ற பிள்ளைகளை இப்படியா வாட்டுவது? பொருளாளரம்மா நடையைக் கூட்டினாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் பெரியம்மா. ஒரு கையில் சீப்பு, மறு கையில் யாரோ ஒருத்தியின் சடை. "சனிக்கிழமை வந்தாலே இதுங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி முடிக்கறதுக்குள்ள பாதி உசுரு போயிடுது."

விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சின்னப் பெண், அதற்குள் டம்ளரைக் கீழே போட்டாள். அப்போதுதான் துடைத்த தரை.

இதோ இடி விழப்போகிறது என்று பொருளாளரம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. நீ போய் உக்காருடா தங்கம், நான் துடைச்சுக்கறேன்."

பஞ்சு மாதிரி வந்தது குரல். ஆனால் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டது.

"யாரு அது?"

"வந்து ஒரு மாசம் ஆகுதும்மா. எல்லாரும் இன்னும் புதுசுன்னுதான் கூப்பிடுதுங்க. நான் கிட்டப் போனாலே கண்ணைக் கசக்குது. ஏன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்குது."

ஏனென்று பொருளாளரம்மாவுக்கா தெரியாது? ஆள் வந்திருப்பதால் இன்றைக்குத் தங்கம். மற்ற நாளில் என்ன பாடு பட்டதோ அந்தப் பிஞ்சு.

அவளும் போய்ப் படியில் உட்கார்ந்தாள். "பயப்படாம சொல்லு கண்ணு. பெரியம்மா உன்னை ரொம்பத் திட்டுறாங்களா?"

புதுசு இல்லையென்று தலையாட்டியது. மறுபடியும் கண்ணில் தண்ணீர்.

நன்றாகத்தான் மிரட்டி வைத்திருக்கிறாள் என்று பொருளாளரம்மா நினைத்துக்கொண்டபோது அவள் போன் அடித்தது.

"என்னது, சாவியை உள்ள வெச்சு வீட்டைப் பூட்டிட்டியா? எருமை, எருமை. கழுத்து மேல தலைன்னு ஒண்ணு எதுக்குடா இருக்கு, தொப்பி மாட்டறதுக்கா? வந்து தோலை உரிக்கிறேன் இரு. வெயில்ல நிக்காதே, பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட எதையாவது வாங்கிக் கொட்டிக்கோ."

புதுசு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு ஆன்ட்டி?"

"என் பையன்."

"சொந்தப் பையனா?"

"பின்னே? அடுத்தவங்க பிள்ளையையா இப்படித் திட்டுவேன்?"

புதுசு அதைச் சற்று நேரம் யோசித்தது. பிறகு எழுந்து போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து சங்கு ஊதியது.

"அடியே, குரங்கு! இறங்குடி கீழ."

ஓடிப்போய்ப் பார்த்தால் புதுசு தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் நிற்கிறது.

"ஏறும்போது இருந்த திமிரு இறங்கும்போது எங்கடி போச்சு? காலை உடைச்சுக்கிட்டா உன்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலையப்போறது யாரு? நாந்தானே? எனக்கு இருக்கிறது ஒரு இடுப்பு, அதுவும் போகணுமா? கழுதை, கழுதை. மெதுவா காலை வைடி."

திட்டிக்கொண்டே தூக்கி இறக்கினாள். புதுசு அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கியது.

பார்க்கவே பொறுக்கவில்லை பொருளாளரம்மாவுக்கு. போதும், கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

பெரியம்மாவும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ.

"கமிட்டியில என்னம்மா சொல்லப் போறீங்க? இந்த வாயை எனக்கு அடக்கத் தெரியலை. ஆனா இதுங்களை விட்டா எனக்கும் யாரும் இல்லம்மா."

"காதால கேட்டதைச் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"சரிம்மா. பிள்ளைங்களோட ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

மறுக்க முடியாமல் உட்கார்ந்தாள்.

சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்லி ஜெபிப்பது அந்த வீட்டு வழக்கம். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் அதற்கும் பெரியம்மாவிடம் திட்டு உண்டு. தடிமாடு புதுச் செருப்புக்காக நன்றி சொன்னான். வாலு, கணக்கு டீச்சர் லீவு போட்டதற்காக நன்றி சொல்லி, ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டாள்.

அடுத்தது புதுசு. வந்த நாளிலிருந்து ஜெபத்தில் அது வாய் திறந்ததில்லை. அதனால் பக்கத்துப் பையன் வழக்கம்போலத் தாண்டிக்கொண்டு ஆரம்பிக்கப்போனான்.

"இரு, நான் சொல்லணும்" என்றது புதுசு. கையைக் கூப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

"இயேசப்பா, இன்னைக்குப் பெரியம்மா என்னையும் திட்டிட்டாங்க. எல்லாரையும் திட்டற மாதிரியே திட்டினாங்க. ரொம்ப ரொம்ப நன்றி. ஆமென்."