தானமாக வந்த மழை

கமுதியில் சந்தனமாரியின் களத்தில் முப்பது மூட்டை மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மழை அலுவலர் ஜெபராஜ் வந்து, பணக்கார நாடு ஒன்று தன் மேகத்திலிருந்து கமுதிக்கு நாற்பது நிமிட மழையைத் தானமாக ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். அன்றே பதினொரு மணிக்குப் பெய்யுமாம்.

“செடி வாடி நின்னப்ப மூணு மனு குடுத்தேன், வரல. இப்ப ரெண்டு நாள் கழிச்சுப் பெய்யச் சொல்லுங்க சார். மிளகா காஞ்சிரும்.”

ஜெபராஜ் அந்த நாட்டு அதிகாரியைத் திரையில் அழைத்தார். அதிகாரி பணிவானவர். “எங்கள் பிள்ளைகள் வாரம் ஒருநாள் குளிக்காமல் மிச்சப்படுத்திய நீர், அம்மா. நாளை முதல் எங்களுக்கு விடுமுறை” என்றார்.

பிள்ளைகள் என்றதும் சந்தனமாரி படுதா தேடப் போனாள்.

பதினொரு மணிக்கு மழை கொட்டியது. தெருவே படுதாவும் சேலையும் போர்வையுமாகக் களத்துக்கு ஓடியது. ஜெபராஜும் மூட்டை தூக்கினார், இரண்டு முறை வழுக்கி விழுந்தார். அப்படியும் பத்து மூட்டை நனைந்தது. மேலே ஒரு கேமரா சுற்றிக்கொண்டிருந்தது.

மாலையில் அந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது. சேறு அப்பிய சட்டையோடு ஜெபராஜ் அதை வாசித்தார்: “வண்ணத் துணிகளை வீசி நீங்கள் மழையில் ஆடிய நடனம் எங்களை நெகிழவைத்தது. அடுத்த வாரமும் நாற்பது நிமிடம் அனுப்புகிறோம்.”

சந்தனமாரி சேலையைப் பிழிந்தபடியே சொன்னாள்: “அவுகளுக்கு வெயில் வேணுமான்னு எழுதிக் கேளுங்க சார். நாங்க கேட்டுட்டுத்தான் குடுப்போம்.”