கரையில் ஒரு ஜோடிக் கண்

"நீச்சல் குளத்துல பிள்ளையை இறக்கிவிட்டுட்டு, போனைத் தொடாம தண்ணியையே பாக்கறவங்க ஒருத்தர்கூடக் கிடையாது" என்று பேராசிரியர் அடித்துச் சொல்லிவிட்டார். நீரில் மூழ்கும் விபத்துகளைப் பற்றி அவரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு ஆளைக் காட்டும்மா. உன் ஆய்வை உன் இஷ்டப்படி எழுதிக்க" என்று அவர் சிரித்தார்.

ஒரு வாரமாகக் குளக்கரையில் காத்திருந்தவளுக்கு இன்று ஆள் கிடைத்தது. பெரிய குடைக்குப் பின்னால், கடைசி நாற்காலியில் ஓர் அம்மாள். போன் இரண்டு முறை அடித்தும் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாணவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ரொம்பச் சுட்டியாம்மா?"

"அதை ஏன் கேக்கறே! நாலு நாள் கத்துக்கிட்டதுக்கே பெரிய வீரன்னு நெனப்பு. ஆழம் வேண்டாம்னு சொன்னா அங்கதான் போய் நிக்கும்."

"கூப்பிட்டு அதட்டலாமே?"

"நான் வந்திருக்கறதே தெரியாது. தெரிஞ்சா ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடும்."

"தண்ணிக்கு வெளியில எப்படி?"

"ஊருக்கே புத்தி சொல்லும்."

அப்போது ஆழமான பக்கத்து ஏணியில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்து, தொப்பியையும் நீச்சல் கண்ணாடியையும் கழற்றினார். பேராசிரியர்!

மாணவி சட்டென்று குடைக்குப் பின்னால் பதுங்கினாள். "ஐயோ, எங்க சார்!"

"என் வீட்டுக்காரர்தாம்மா" என்றாள் அந்த அம்மாள், அப்போதும் திரும்பாமல். "நான் இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறத மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே."

"அதை அவர்கிட்ட சொல்லத்தாம்மா ஒரு வாரமா இப்படி ஒரு ஆளைத் தேடறேன்!"