கிளட்ச் போன லாரி

"மழை எறங்கறதுக்குள்ள டிராக்டரோட வந்துடுங்க" என்று சொல்லித்தான் என் மனைவி ரஞ்சிதம் என்னைச் செஞ்சிக்கு அனுப்பினாள்.

சிங்கவரம் ரோட்டில் எங்கள் கேழ்வரகுக் கதிர் பரப்பிக் கிடந்தது. வண்டிச் சக்கரம் ஏறி இறங்கினால்தான் மணி உதிரும். அந்த ரோட்டிலோ சைக்கிளைத் தவிர எதுவும் வரக் காணோம். நனைந்தால் வருஷத்துக் கூழும் களியும் முளைத்துப் போகும்.

நானும் வேகமாகத்தான் மிதித்து வந்தேன். டீக்கடையில் சுந்தரமூர்த்தியின் குரல் கேட்டது.

"ஏத்தத்துல லேலண்ட் லாரிய அடிச்சிக்க ஆளே கெடையாது!"

நான் டாட்டா கட்சி. காதில் விழுந்த பிறகு சும்மா போக முடியுமா? சைக்கிளை நிறுத்தினேன்.

டாட்டாவில் ஆரம்பித்த பேச்சு புதிதாக வந்த மாருதிக்குப் போனது.

"அதெல்லாம் ஒரு காரா? எங்கூட்டு நெல்லுக் குதிரு அதவிட பெருசு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டிராக்டர் மறந்தே போனது.

எங்களில் ஒருவனும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. சுந்தரமூர்த்தி மட்டும் ஒருமுறை லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் போயிருக்கிறான். அதனால் அவன்தான் தலைமை நிபுணன். ஆனாலும் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன வியாதி என்று எல்லோருமே சொல்லிவிடுவோம்.

அப்போது மஜீத் பாயின் லாரி வந்தது. எங்கள் எதிரே 'கர்ர்ர்' என்று கியர் விழுந்தது.

"கிளட்ச் பிளேட் காலி" என்றேன் நான்.

"கியர் பாக்ஸே காலி" என்றான் சுந்தரமூர்த்தி.

விடுவேனா? எழுந்து நின்று கத்தினேன். "பாய்! வண்டிய எடைக்குப் போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கித் துன்னு!"

மஜீத் என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுச் சிங்கவரம் பக்கம் திரும்பினார்.

இன்னொரு டீ சொன்னோம். அது முடிந்தும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் கூட்டாளி பாவாடை சைக்கிளில் பறந்து வந்தான்.

"ஏரிக்கரையிலேருந்து பாத்தேன்டா! பாய் லாரி முன்னால போவுது, பின்னால வருது. மறுபடியும் முன்னால போவுது, பின்னால வருது. அந்த எடத்த வுட்டு நவுரல!"

"நான் இன்னா சொன்னேன்?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். என் ஜோசியம் பலித்ததைக் கண்ணால் பார்க்க எல்லோரும் கிளம்பினோம்.

பாதி வழியில் மூக்கின் மேல் ஒரு தூறல் விழுந்தது. அப்போதுதான் டிராக்டர் நினைவுக்கு வந்தது. எழும்பி நின்று மிதித்தேன்.

போய்ப் பார்த்தால், லாரி அத்தனை நேரம் முன்னும் பின்னும் போய் வந்தது எங்கள் கதிர் மேல்தான். மணியெல்லாம் உதிர்ந்து, ரஞ்சிதம் கடைசி மூட்டைக்கு வாரிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குத் தோலை உரிக்கப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவளோ முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"டீக்கடையில குந்திக்கினு வண்டிக் கத பேசிக்கினு இருப்பீங்கன்னு வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு இருந்தேன். பாய்தான் சொன்னாரு, டிராக்டர் கெடைக்கலன்னு அவரு லாரிய அனுப்பி வெச்சதே நீங்கதானாமே!"