முப்பது நாள் நன்றி

ஜுலைகாவின் கையில் ஒட்டியிருந்த வில்லை, எடை குறைய மருத்துவர் கொடுத்தது. அதன் வழியே அவளுடைய பசியைக் கூட்டவும் குறைக்கவும் கணவர் மசூதின் போனிலேயே வசதி இருந்தது. போன ரமலானில் பிற்பகல் அஸர் தொழுகையின்போது அவள் பசியில் சுருண்டு விழுந்ததை அவரால் மறக்க முடியவில்லை. இந்த வருடம் முதல் நோன்பன்றே, அவளிடம் சொல்லாமல், பசியைச் சுத்தமாக இறக்கிவிட்டார்.

அன்று நோன்புக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். "பசியே தெரியலங்க. நோன்பை லேசாக்கித் தா ரப்பேன்னு அல்லாகிட்ட அழுது கேட்டேன், குடுத்துட்டான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் மசூதுக்குச் சொல்ல வாய் வரவில்லை. தினமும் நன்றிக்கென்று அவள் கூடுதலாக இரண்டு ரக்அத் தொழுதாள்.

பெருநாள் பிறை தெரிந்ததும், மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு பசியைப் பழையபடி ஏற்றியும் வைத்தார்.

ஜுலைகா கோபப்படவில்லை. தொழுகை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, முப்பது நாளா நான் நன்றி சொன்னது உங்களுக்குத்தானா?"

மறுநாள் பெருநாள் பிரியாணியை அவள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாள். மசூது பதறிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தார். பசி முழு அளவில்தான் இருந்தது.