அம்புக்குறி

“அம்பு மாறிப் போயிருக்கு. யார் வேலை இது?”

“வெட்டினது நான்தான் சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம்.”

கட்டிங் மாஸ்டர் அவ்வளவுதான் சொன்னார். முதலாளி கால் மணி நேரமா காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சறார், இந்த மனுஷன் முகத்துல ஒரு சுருக்கம் கிடையாது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

விஷயம் இதுதான். நாடக அரங்கத்துக்கு வெல்வெட் திரை, எட்டுத் துண்டைச் சேர்த்துத் தைச்சது. காலையில மாட்டி விளக்கைப் போட்டா, ரெண்டு துண்டு மட்டும் வெளுத்துத் தெரியுது. வெல்வெட்டுக்கு மேல் கீழ் உண்டு; இழை படியற பக்கமா தடவினா வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். தலைகீழா வச்சா நிறமே வேறயா அடிக்கும். அதுக்காகத்தான் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலயும் இழை படியற பக்கத்தைக் காட்டி மாஸ்டர் சாக்பீஸால அம்புக்குறி போடுவார். அதைப் பார்த்து நான் தைக்கணும்.

“நாளையிலேருந்து கத்தரிக்கோலைத் தொடாதீங்க. உட்கார்ந்து பட்டன் தைங்க.”

“சரி சார்.”

சரியாம், சரி.

எங்க யூனிட்ல அவருக்குக் கிரேக்க மாஸ்டர்னு பேரு. மேஜைக்கு மேல ஒரு அட்டை ஒட்டி வச்சிருக்கார்: ‘என் கையில் இருப்பது எது? இல்லாதது எது?’ ஸ்டாயிக்குன்னு அந்தக் காலத்து கிரேக்க ஞானிங்களாம், அவங்க சொன்னதாம். கரண்ட் போனாலும் அதைத்தான் காட்டுவார், மெஷின் நின்னாலும் அதைத்தான் காட்டுவார். அவருக்கு நிம்மதி, சரி. எங்களுக்கு?

நான் சேர்ந்து ரெண்டு மாசம். மூணு மாசம் முடிஞ்சாதான் வேலை நிரந்தரம். எனக்கு முன்னாடி இருந்தவளை ஒரே ஒரு தப்புக்கு அன்னைக்கே அனுப்பிட்டாங்க. வீட்ல என் சம்பளத்தை விட்டா வேற வழியில்லை. இவர் பண்ணின கூத்துல என் தலையும் சேர்ந்து உருண்டா?

திரையைப் பிரிக்க உட்கார்ந்ததும் கேட்டுட்டேன்.

“ஏன் மாஸ்டர், உங்களுக்குக் கோபம்தான் வராது. வெட்கமாவது வருமா?”

“திட்டறது அவர் கையில இருக்கும்மா. அதை உள்ள விடறதும் விடாததும்தான் என் கையில.”

“நல்லா இருக்கே. தப்பைப் பண்ணிட்டுத் தத்துவம் பேசினா ஆச்சா? எருமை மாட்டு மேல மழை பெய்ஞ்ச மாதிரி நிக்கறீங்க. அம்பை ஒழுங்கா போட்டிருந்தா எனக்கு இந்தத் தண்டச் சோலி வருமா?”

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார்.

“வெளுத்த துண்டு ரெண்டையும் நான் பார்த்துக்கறேன். நீ ஓரத்தை மட்டும் பிரிச்சுக் குடு.”

அவர் டீ வாங்கப் போனதும், இருந்த ஆத்திரத்துல அந்தத் துண்டையே இழுத்துப் போட்டு உள்துணியைப் பிரிச்சேன். அம்புக்குறி இருந்துச்சு. அது போற பக்கமா வெல்வெட்டைத் தடவினேன். வழுக்கிக்கிட்டுப் போச்சு. இன்னொண்ணையும் பிரிச்சுத் தடவினேன். அதுவும் அப்படியே.

அம்பு ரெண்டும் சரி. தைச்சதுதான் தலைகீழ். நேத்து சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சுடணும்னு கடைசி ரெண்டு துண்டைத் திருப்பி நான் அம்பைப் பார்க்கவே இல்லை.

நிமிர்ந்தா, ரெண்டு டீயோட மாஸ்டர் நிக்கறார்.

“உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?”

“திரையைப் பார்த்ததுமே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

ஒரு டீயை என் பக்கம் நகர்த்தி வச்சார்.

“உன் வேலை முதலாளி கையில இருக்கும்மா. வாயைத் திறக்கறதும் மூடறதும்தானே என் கையில இருந்துச்சு.”

டீயை நான் தொடல. எழுந்து முதலாளி ரூமுக்கு நடந்தேன். போய்ச் சொல்றது என் கையிலதானே இருக்கு.