கேள்வி நேரம்

அரங்கின் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். புரொஜெக்டரை மட்டும் யாரும் அணைக்கவில்லை. படம் எதுவுமில்லாத வெள்ளை வெளிச்சம் திரையில் கிடக்கிறது. மூளையைப் பற்றி உரையாற்றிய பேராசிரியர், பகடி எடுபட்ட திருப்தியில் தண்ணீர் குடிக்கிறார். "சுயநினைவு மூளையில எப்படி உண்டாகுது? இன்னும் யாருக்கும் தெரியாது. பொண்டாட்டி பேசும்போது மட்டும் அது எங்க போயிடுதுன்னு நானே தேடிக்கிட்டிருக்கேன்" என்று அவர் முடித்ததற்கு எழுந்த கைதட்டல் இப்போதுதான் ஓய்கிறது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, நீட்டிய மைக்கைக் கவனிக்காமல் நேரே மேடைக்கு வருகிறாள். தோள்பையிலிருந்து ஸ்கேன் படத்தை உருவி, டாக்டர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியவளாய், புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். திரையில் விழுவதோ வெறும் கறுப்புச் சதுரம்; அதன் விளிம்பில் நான்கு விரல்கள். "எங்க வீட்டுக்காரர் சார். விபத்துக்கப்புறம் கண்ணு தொறந்திருக்கு, இமைக்குது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு. ஆளு உள்ள இருக்காரான்னு பாத்துச் சொல்லுங்க."

பேராசிரியர் படத்தைப் பார்க்கவில்லை. அந்த விரல்களைப் பார்க்கிறார். "அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா." சற்றுமுன் சொன்ன அதே வாக்கியம்தான். இந்த முறை ஒரு கைகூடத் தட்டவில்லை. அவள் இன்னும் படத்தை இறக்கவில்லை. "நேத்து என்னால முடியல சார். அவர் காதுகிட்ட போய், போதும், போய்ச் சேருங்கன்னு சொல்லிட்டேன். கேட்டிருக்குமா?"